நாற்காலியிலிருந்து பேசிய கவிஞர்: ஒல்ஜாஸ் சுலைமெனோவின் பதவிகளும் பகைகளும்

எழுத்தாளர் சங்கம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? மாதம் ஒரு கூட்டம், இருபது நாற்காலி, பன்னிரண்டு பேர், ஆறிப்போன டீ, வசூலாகாத சந்தா. சோவியத் ஒன்றியத்தில் எழுத்தாளர் சங்கம் வேறு ரகம். அது ஏறக்குறைய ஓர் அரசுத் துறை. யாருக்கு அடுக்குமாடி வீடு, யார் கோடையில் ஓய்வில்லம் போகலாம், யாருடைய கவிதைத் தொகுப்பு எத்தனை ஆயிரம் பிரதி அச்சாகும், யாருக்கு வெளிநாட்டுப் பயணம் என்பதெல்லாம் அதன் வழியாகத்தான் முடிவாகும். சங்கத்தின் முதல் செயலாளராக இருப்பவர் கட்சி மேலிடத்தோடு சமமாக உட்கார்ந்து பேசக்கூடிய ஆள்.

ஒல்ஜாஸ் சுலைமெனோவின் கதையை இங்கிருந்து தொடங்கினால்தான் புரியும். கஜகஸ்தானின் மிகப் புகழ்பெற்ற கவிஞர், செமிபலாத்தின்ஸ்க் அணுகுண்டுச் சோதனைத் தளத்தை மூடவைத்த இயக்கத்தின் தலைவர் என்று அவரை எல்லோரும் அறிவார்கள். அவரைக் கலகக்காரக் கவிஞராக வரைந்து காட்டுவது வழக்கம். அந்தப் படத்தில் ஒன்று விடுபட்டுப்போகிறது. அவர் வாழ்நாளின் பெரும்பகுதி அதிகாரியாக இருந்தவர். திரைப்பட நிறுவனத்தில் அதிகாரி, எழுத்தாளர் சங்கத்தில் அதிகாரி, பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், பிறகு தூதர். அவர் எழுப்பிய ஒவ்வொரு சர்ச்சையும் ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுப்பியதுதான். நாற்காலி அவருக்கு ஒலிபெருக்கியைக் கொடுத்தது. அதற்கான விலையையும் வாங்கிக்கொண்டது.

வானத்திலிருந்து விழுந்த கவிதை

1936 மே 18 அன்று அல்மா-அத்தாவில் (இன்றைய அல்மாட்டி) பிறந்தார். தந்தை கஜாக் குதிரைப்படைப் பிரிவில் அதிகாரி. மகன் நடக்கத் தொடங்கும் வயதில், 1937இன் ஸ்டாலினியக் களையெடுப்பில் கைதானார், திரும்பவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பின்னாளில் அதே கட்சியின் மத்தியக் குழுவில் உட்கார்ந்தது முரண்பாடாகத் தெரியலாம். ஆனால் அந்தத் தலைமுறை சோவியத் மேல்தட்டில் இது அபூர்வமே அல்ல. தந்தையைத் தின்ற அரசு மகனைப் படிக்கவும் வைத்தது.

படித்தது நிலவியல். 1959இல் பட்டம் வாங்கிக்கொண்டு மாஸ்கோவின் கோர்க்கி இலக்கியக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஓர் அடிதடி. படிப்பு பாதியில் நின்றது. ஊருக்குத் திரும்பி ஒரு நாளேட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது 1961 ஏப்ரல் 12 வந்தது. யூரி ககாரின் விண்வெளிக்குப் போய்த் திரும்பினார். புறப்பட்ட இடமான பைகோனூர் கஜகஸ்தான் மண்ணில் இருக்கிறது. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத சுலைமெனோவ் எழுதிய வரிகளைத் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டு, விமானத்திலிருந்து அல்மா-அத்தா நகரின் மேல் தூவினார்கள். பனி உருகிய தெருக்களில் ஆட்கள் குனிந்து கவிதை பொறுக்கினார்கள். ஒரே நாளில் பெயர் தெரிந்த கவிஞனாகிவிட்டார்.

கவனிக்க வேண்டியது, கவிதை ரஷ்ய மொழியில் இருந்தது. அவர் எழுதியதெல்லாம் ரஷ்யனில்தான். பின்னாளில் அவர்மேல் விழுந்த வசவுகளில் பாதிக்கு இதுதான் மூலம்.

புகழைத் தொடர்ந்து பதவி வந்தது. 1962 முதல் 1971 வரை ‘கஜாக்ஃபிலிம்’ அரசுத் திரைப்பட நிறுவனத்தில் முதன்மைப் பதிப்பாசிரியர். எந்தக் கதை படமாகும், எந்த வசனம் வெட்டப்படும் என்பதில் சொல்லுள்ள இடம் அது. பிறகு எழுத்தாளர் சங்கச் செயலாளர்களில் ஒருவர். கூடவே ஆசிய-ஆப்பிரிக்க எழுத்தாளர்களோடு உறவு பேணும் குழுவின் பொறுப்பு. 1973இல் ஆசிய-ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு அல்மா-அத்தாவிலேயே நடந்தது. மாஸ்கோவின் பார்வையில் அவர் நல்ல காட்சிப்பொருள்: ஆசிய முகம், அழகான ரஷ்ய மொழி, மேடையில் கம்பீரம்.

தலைப்பிலேயே ஒரு விளையாட்டு

1975இல் ‘அஸ் இ யா’ வெளிவந்தது. தலைப்பே குறும்பு. ‘அஸ்’ என்பது பழைய ஸ்லாவிய நெடுங்கணக்கின் முதல் எழுத்து. பழைய மொழியில் ‘நான்’ என்றும் பொருள். ‘யா’ இன்றைய ரஷ்ய நெடுங்கணக்கின் கடைசி எழுத்து. அதற்கும் ‘நான்’ என்றுதான் பொருள். நடுவிலுள்ள ‘இ’ நம் ‘உம்’ போன்ற இணைப்புச் சொல். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ‘அஸியா’, அதாவது ஆசியா. ரஷ்யனின் முதலெழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் இடையில் ஆசியா ஒளிந்திருக்கிறது என்று அட்டையிலேயே சொல்லிவிட்டார்.

உள்ளே சொன்னது இன்னும் துணிச்சல். 1185இல் இளவரசன் இகோர் ஸ்தெப்பி எனும் புல்வெளி நிலத்தில் வாழ்ந்த துருக்கிய நாடோடிகளான கிப்சாக்கியர்மேல் படையெடுத்துத் தோற்ற கதையைப் பாடும் பழைய காவியம் ஒன்று ரஷ்யரிடம் உண்டு. அவர்களுக்கு அது இலக்கியம் மட்டுமல்ல. தேசத்தின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அதன் ஒரே கையெழுத்துப் பிரதி 1800இல் அச்சேறியது. 1812இல் மாஸ்கோ தீப்பற்றியபோது எரிந்தும் போனது. அச்சுப்பிரதியில் யாருக்கும் பொருள் விளங்காத இடங்கள் பல. அந்த இடங்களில் கிடப்பது துருக்கியச் சொற்கள், அதாவது கஜாக்கும் சேர்ந்த துருக்கிய மொழிக் குடும்பத்துச் சொற்கள் என்றார் சுலைமெனோவ். அதைப் பாடிய புலவனும் கேட்ட சபையும் இருமொழிக்காரர்கள். காலப்போக்கில் அந்தப் பேச்சு மறந்துபோக, பின்னால் வந்த படியெடுப்பாளன் புரியாத சொல்லைத் தனக்குத் தெரிந்த ரஷ்யச் சொல்லாகத் திருத்திவிட்டான். ‘கண்ணுக்குத் தெரியாத துருக்கியச் சொற்கள்’ என்று அவற்றுக்குப் பெயரும் வைத்தார்.

இதன் அரசியல் என்ன என்பது உடனே விளங்கும். ரஷ்யப் பாடநூல்களில் ஸ்தெப்பிக்காரன் என்றால் குதிரையில் வந்து ஊரைக் கொளுத்திவிட்டுப் போகிறவன். இவரோ, ‘உங்கள் ஆதி காவியத்திலேயே எங்கள் குரல் இருக்கிறது’ என்கிறார். அதையும் ரஷ்யனில், ரஷ்யரே ரசிக்கும் நடையில் சொல்கிறார்.

நூலின் இரண்டாம் பகுதியில் இன்னும் தூரம் போனார். சுமேரியருக்கும் துருக்கியருக்கும் உறவு கண்டார். சுமேரிய மொழியில் கடவுள் ‘திங்கிர்’. துருக்கிய மொழிகளில் வானக் கடவுள் ‘தெங்கிரி’. இப்படியே நீளும் பட்டியல்.

நூலின் மொழியியல் பெரும்பாலும் நிற்காது. ஒலி ஒத்துப்போகும் இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்துவிட்டால் உறவு நிரூபணமாகிவிடாது. ஒலிமாற்றத்துக்கு ஒழுங்கான விதி காட்ட வேண்டும், காலத்தைக் காட்ட வேண்டும். சுலைமெனோவ் கவிஞனின் காதை நம்பினார். எந்த மொழிக்காரருக்கும் வரும் ஆசைதான் இது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சொத்தையல்ல. ரஷ்ய இளவரசர்கள் கிப்சாக் இளவரசிகளை மணந்தார்கள், ஒருநாள் கூட்டணி, மறுநாள் போர் என்று வாழ்ந்தார்கள். அந்த உறவு காவியத்தின் மொழியில் ஏன் பதிந்திருக்கக் கூடாது?

அந்த நிதானத்தோடு விவாதிக்கும் மனநிலை அப்போது யாருக்கும் இல்லை. 1976 பிப்ரவரி 13 அன்று மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகம் நூலை விசாரிக்கத் தனியாகவே கூட்டம் போட்டது. காவியத்தின் பேரறிஞர் திமித்ரி லிகாச்சோவ், இவை கருதுகோள்களா கற்பனைகளா என்று கேட்டு லெனின்கிராட் இதழ் ஒன்றில் கடுமையாக எழுதினார். லிகாச்சோவின் வாதங்களில் நியாயம் உண்டு. அவர் சொல்லாராய்ச்சி முறையைத்தான் தாக்கினார். ஆனால் கூட்டத்தில் எழுந்த மற்றச் சொற்கள் வேறு வகை: தேசியவாதம், அகண்டத் துருக்கியவாதம், நிலவுடைமைக் கால நாடோடிகளைப் புகழ்பாடுவது. இலக்கணப் பிழை தேசத்துரோகமாக மாறிய இடம் அது. முப்பதுகளாக இருந்திருந்தால் இந்தச் சொற்களில் ஒன்றே ஆளைத் தீர்த்திருக்கும். அவருடைய தந்தைக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் கஜகஸ்தான் கட்சித் தலைமை நூலைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. கடையிலும் நூலகத்திலும் இருந்த பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. பதிப்பகத்தில் தலைகள் உருண்டன. எழுதியவர் மட்டும் தப்பினார். காரணம் தின்முகமெத் குனாயேவ். கஜகஸ்தான் கட்சியின் முதல் செயலாளர், சோவியத் தலைவர் பிரெஷ்னேவின் பழைய நண்பர். அவர் நேரே பிரெஷ்னேவிடம் போய்ப் பேசினார், அதற்குப் பிறகே மாஸ்கோ அடங்கியது என்பது அல்மாட்டியில் பல முறை சொல்லப்பட்ட கதை. சும்மா விட்டுவிடவில்லை. 1977இல் நாளேட்டில் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை இன்றைக்கும் சிலர் தூக்கிக் காட்டுவார்கள். எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களைத் திருப்பிக் கேட்பவர்களும் உண்டு.

மிச்சம் சுவாரசியமானது. சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்தவருக்கு 1981இல் கஜகஸ்தானின் திரைப்படத் துறை முழுவதற்குமான அரசுக் குழுவின் தலைமை கிடைத்தது. சற்றேறக்குறைய அமைச்சர் பதவி. 1983இல் எழுத்தாளர் சங்கத்தின் முதல் செயலாளர். தண்டித்த கையே நாற்காலியையும் இழுத்துப் போட்டது. வெளியே நின்று கத்துகிறவனைவிட உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் பாதுகாப்பு என்பது அந்த ஆட்சியின் கணக்கு. பெரும்பாலும் சரியாக வந்த கணக்கு, 1989இல் தவறியது.

பாக்கெட்டிலிருந்து எடுத்த காகிதம்

செமிபலாத்தின்ஸ்க் தளத்தை உள்ளூர்க்காரர்கள் ‘பொலிகோன்’ என்பார்கள். சுமார் 18,500 சதுர கிலோமீட்டர். 1949 ஆகஸ்ட் 29 அன்று முதல் சோவியத் அணுகுண்டு அங்கேதான் வெடித்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் மொத்தம் 456 சோதனைகள்; அவற்றில் 116 திறந்தவெளியில். ஆளில்லாப் புல்வெளி என்று காகிதத்தில் இருந்தது. உண்மையில் ஓரங்களில் ஊர்கள், மந்தைகள், பள்ளிக்கூடங்கள். 1957இல் செமிபலாத்தின்ஸ்க் நகரில் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். பெயர்ப்பலகையில் இருந்தது ‘புரூசெல்லோசிஸ் தடுப்பு மருந்தகம் எண் 4’. கால்நடையிலிருந்து தொற்றும் காய்ச்சலுக்கான இடம் என்று பொருள். உள்ளே நடந்தது கதிர்வீச்சுக்கு ஆளானவர்களைக் கணக்கெடுத்துக் கவனிக்கும் வேலை. போய் வந்தவர்களுக்குத் தங்களிடம் எதைப் பார்க்கிறார்கள் என்பதே தெரியாது.

1963க்குப் பிறகு வெடிப்புகள் நிலத்தடிக்குப் போயின. 1989 பிப்ரவரி 12, 17 தேதிகளில் நடந்த நிலத்தடி வெடிப்புகளில் கதிரியக்க வாயு வெளியே கசிந்து, சாகான் விமானப்படைத் தளத்துக் குடியிருப்பின் பக்கம் போனது. கிராமத்து ஆட்டிடையன் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த முறை பயந்தது ராணுவக் குடும்பங்கள். கருவிகளில் முள் ஏறியதை அவர்களே பார்த்தார்கள். செய்தி சுலைமெனோவிடம் வந்து சேர்ந்தது.

அப்போது மக்கள் பிரதிநிதிகள் பேரவைக்கான தேர்தல். சோவியத் வரலாற்றில் கொஞ்சமாவது போட்டியுள்ள முதல் தேர்தல். சுலைமெனோவ் வேட்பாளர். பிப்ரவரி 25 அன்று கஜாக் தொலைக்காட்சியில் அவருக்கு நேரலையில் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கவிதை வாசிப்பார் என்று நிலையத்தார் எதிர்பார்த்தார்கள். அவர் எடுத்து வாசித்தது ஓர் அறிக்கை: பொலிகோனில் என்ன நடந்தது, வாயு எங்கே போனது, இது எத்தனை காலமாக நடக்கிறது. முடிவில், 28ஆம் தேதி எழுத்தாளர் சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள் என்றார்.

இந்த இடத்தில் நாற்காலியின் மதிப்பு தெரிகிறது. சாதாரணக் கவிஞருக்கு நேரலை கிடைக்காது. கிடைத்தாலும் கூட்டம் போட இடம் கிடைக்காது. இவரிடம் நகரின் நடுவில் கட்டடம் இருந்தது, அதன் சாவி இருந்தது, மாஸ்கோ வரை தெரிந்த முகம் இருந்தது. அறிவித்தபடி ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். உள்ளே இடமில்லாமல் தெருவில் நின்றார்கள். இயக்கம் பிறந்தது. அமெரிக்காவின் நெவாடா சோதனைத் தளத்தையும் சேர்த்து ‘நெவாடா-செமிபலாத்தின்ஸ்க்’ என்று பெயர் வந்தது. நெவாடா தளம் மேற்கு ஷோஷோனி பழங்குடியினரின் நிலம். கஜாக் முதியவரும் ஷோஷோனி தலைவரும் சமாதானக் குழலைப் பகிர்ந்துகொள்ளும் படம்தான் இயக்கத்தின் சின்னம்.

பெயரில் தந்திரமும் உண்டு. ‘எங்கள் தளத்தை மூடு’ என்று மட்டும் கேட்டால் நாட்டின் பாதுகாப்பைக் காட்டிக்கொடுக்கிறாய் என்று வாயை அடைத்துவிடலாம். ‘இரண்டையும் மூடு’ என்றால், சமாதானம் சமாதானம் என்று நாள்முழுக்கப் பேசும் கோர்பச்சோவ் அரசு எப்படி மறுக்கும்? கால் நூற்றாண்டு அதிகாரியாக இருந்தவருக்குத்தான் இந்த வாசல் எங்கே திறக்கும் என்று தெரியும்.

பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. ஆகஸ்டில், தளத்தை ஒட்டிய கராவுல் ஊரில் ஆயிரக்கணக்கானோர் கூடி, தீயதை விரட்டும் பழைய வழக்கப்படி ஆளுக்கொரு கல் எடுத்து வீசினார்கள். கரகண்டா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். கவிஞர்கள் கூடினால் மாஸ்கோ கொட்டாவி விடலாம், நிலக்கரி நின்றால் விட முடியாது. 1989க்குத் திட்டமிட்டிருந்த 18 சோதனைகளில் 11 நடக்கவில்லை. அக்டோபர் 19 அன்று நடந்ததுதான் கடைசி.

அதன் பிறகும் தளம் ஏட்டில் உயிரோடுதான் இருந்தது. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்று ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 29 அன்று, கஜகஸ்தான் குடியரசுத் தலைவர் நூர்சுல்தான் நஜர்பாயேவ் அதை மூடும் ஆணையில் கையெழுத்திட்டார். முதல் குண்டு வெடித்த அதே தேதி.

பொலிகோனை மூடியது யார் என்ற சண்டை அன்றே தொடங்கியது. அரசு வரலாற்றில் அது குடியரசுத் தலைவரின் துணிவு. இயக்கத்தார் கேட்பது எளிய கேள்வி: கையெழுத்து விழுவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே வெடிப்பு நின்றுவிட்டதே, நிறுத்தியது யார்? என் கணிப்பில் வெடிப்பை நிறுத்தியது தெரு. கதவைப் பூட்டியது ஆணை. திரும்பத் திறக்காமலிருக்க அந்தப் பூட்டும் தேவைதான்.

தூரத்து நாற்காலி

அணு எதிர்ப்பு அலையின் மேல் 1991இல் மக்கள் காங்கிரஸ் கட்சி உருவானது. சுலைமெனோவும் கவிஞர் முக்தார் ஷகனோவும் இணைத் தலைவர்கள். 1994இல் சுலைமெனோவ் நாடாளுமன்றம் போனார். நஜர்பாயேவுக்குச் சமமாகப் பெயர் தெரிந்தவர் நாட்டில் ஒருவர் உண்டு என்றால் அது இவர்தான். 1996இல் குடியரசுத் தலைவர் தேர்தல் வரவேண்டும். நிற்பாரா என்ற பேச்சு பலமாக இருந்தது.

அந்தத் தேர்தல் வரவேயில்லை. 1995 மார்ச்சில் அரசமைப்பு நீதிமன்றம் 1994 தேர்தலே செல்லாது என்றது, நாடாளுமன்றம் கலைந்தது. ஏப்ரல் 29 அன்று வாக்கெடுப்பு நடத்தி நஜர்பாயேவின் பதவிக்காலம் 2000 வரை நீட்டப்பட்டது. அதே ஆண்டு சுலைமெனோவ் இத்தாலிக்குத் தூதராகப் போனார். 2001இல் ரோமிலிருந்து பாரிசுக்கு, யுனெஸ்கோவில் கஜகஸ்தானின் நிரந்தரப் பிரதிநிதியாக.

மரியாதையான நாடுகடத்தல் என்று பலர் சொன்னார்கள். எதிரணியில் எஞ்சியவர்கள் அதைவிடக் காட்டமாகச் சொன்னார்கள். நம்பி வந்தவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. மறுக்க அதிகம் இல்லை. அவர் போனபின் கட்சி நிமிரவில்லை. மறுபுறம், அடுத்த இருபது ஆண்டுகளில் நஜர்பாயேவை எதிர்த்து நாட்டிலேயே இருந்தவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் கொலையுண்டார்கள். அதை 1995இலேயே அவர் கணித்திருந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் 1976இல் ஒரு முறை கட்சியின் வாய்க்குள் போய்த் திரும்பிய மனிதருக்கு, எந்த நாற்காலி எதற்காகத் தரப்படுகிறது என்பது தெரியாமல் இருந்திருக்காது. ரோமில் உட்கார்ந்து பழைய ஆசைக்கே திரும்பினார். எழுத்துகளின் தோற்றம் பற்றிப் பெரிய நூல் 1998இல் வந்தது. மொழியியலாளர்கள் இந்த முறை கோபப்படக்கூட இல்லை.

மொழிச் சண்டையும் அவரை விடவில்லை. கஜாக் மொழிக்காரர்களுக்கு அவர்மேல் உள்ள மனத்தாங்கல் பழையது: தேசத்தின் பெருங்கவிஞர், தேசத்தின் மொழியில் ஒரு வரி எழுதவில்லை. கஜாக்கை அவசரமாகத் திணிக்க வேண்டாம், ரஷ்ய மொழியும் இருக்கட்டும் என்று அவர் பேசியபோதெல்லாம் அது கூடிக்கொண்டே போனது. 1989 கணக்கெடுப்பில் கஜாக்கியர் மக்கள்தொகையில் 40 விழுக்காடுகூட இல்லை. ரஷ்யர் ஏறக்குறைய 38. அந்த எண்ணிக்கையைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் அச்சம் அவருடையது. இன்று கஜாக்கியர் தெளிவான பெரும்பான்மை. அச்சத்தின் காரணம் தேய்ந்துவிட்டது, பேச்சு மட்டும் பழையபடியே இருந்தது. இந்த விஷயத்தில் இளைஞர்கள் அவரோடு பொறுமை இழந்ததைக் குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை.

2009 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 29ஐ அணுகுண்டுச் சோதனைகளுக்கு எதிரான சர்வதேச நாளாக அறிவித்தது. முன்மொழிந்தது கஜகஸ்தான் அரசு. அறிவிப்பில் தொலைக்காட்சி நேரலை இல்லை, எழுத்தாளர் சங்கக் கட்டடம் இல்லை. தளம் மூடப்பட்ட தேதி இருந்தது. அந்த டிசம்பரில் சுலைமெனோவ் பாரிசில், யுனெஸ்கோ அவையில், அதே அரசின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.